ஐந்து பேரும் ஐந்து மணிக்குள்

மார்ச் 3, ஞாயிறு

இன்று பயிற்சி நடை, பதினைந்து கிலோமீட்டர். ஆறு மணிக்குக் கிளம்பினால் பத்தரைக்குள் முடித்தாக வேண்டும். நாங்கள் நான்கு பேர் பத்து இருபதுக்கே பூங்கா வாசலுக்கு வந்துவிட்டோம். அத்தான் வந்து சேர்ந்தது பதினொன்று பத்துக்கு. அதுவும் எப்படி? கையை வீசிக்கொண்டு, வழியில் பார்த்த யாரோ ஒருவரோடு அவர் வீட்டு நாயைப் பற்றி ஊர்க்கதை பேசிக்கொண்டு.

விதி ஒன்றும் சிக்கலானது இல்லை. ஏப்ரல் 28 அன்று மலையைச் சுற்றி இருபத்தெட்டு கிலோமீட்டர். குழுவுக்கு ஐந்து பேர். ஐந்து பேரும் சேர்ந்து மாலை ஐந்து மணிக்குள் வந்தால், எங்கள் நடைக்கென்று பலர் ஒப்புக்கொண்ட நன்கொடை முழுதும் கிடைக்கும். ஒருவர் பிந்தினாலும் பாதிதான். முழுதாகக் கிடைத்தால் இல்லத்தில் லிஃப்ட் போட்டுவிடலாம். இனி குணமாகாது என்றானவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. போன வருஷம் அக்கா அங்கேதான் இரண்டாம் மாடியில் ஆறு வாரம் படுத்திருந்தாள். கீழே அவ்வளவு பெரிய தோட்டம். அவளுக்கு ஜன்னலில் தெரிந்தது ஒரு மரத்தின் உச்சி மட்டும். ஒரு நாள்கூட அவள் கீழே வரவில்லை.

அவளுடைய கணவருக்குத்தானே எங்கள் எல்லோரையும்விட அவசரம் இருக்க வேண்டும்? இவர் என்னவோ கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி நடக்கிறார்.

மார்ச் 5, செவ்வாய்

டிப்போவில் இன்று மூன்று பேருந்து லேட். மூன்றுக்கும் தாமதச் சீட்டு கொடுத்தேன். இருபத்திரண்டு வருஷம் நேரக் காப்பாளனாக இருந்து நான் கற்றது ஒன்றுதான். ஏன் லேட் என்று ஒருவனைக் கையால் எழுத வைத்தால் அடுத்த முறை யோசிப்பான். பெயர், வந்த நேரம், தாமதம், காரணம் — நான்கு கட்டம், தீர்ந்தது விஷயம். அச்சுப் பிழையென்று ஒதுக்கிய பழைய கட்டு ஒன்று கிடந்தது. வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன். நடைக்கும் இனி இதுதான் முறை.

மார்ச் 10, ஞாயிறு

சீட்டை நீட்டியதும் ஓட்டுநர் விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் டிப்போ ஆள், குழுவில் இளையவர். "அண்ணே, வாரத்துல ஆறு நாளும் உங்ககிட்ட சீட்டு வாங்குறேன். ஏழாவது நாளுமா?"

குழுவில் இருக்கும் மருந்துக்கடைக்காரம்மா நாலே நிமிஷம் லேட். "நான் என்ன ஸ்கூல் பிள்ளையா?" என்று கேட்டு, எழுதாமலே சீட்டை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். இவள் சீட்டை வாங்கவே இல்லை. கட்டிய மனைவி.

அத்தான் மட்டும் மறுபேச்சில்லாமல் பேனாவைக் கேட்டு வாங்கி, மதில் சுவரில் வைத்து நிதானமாக எழுதிக் கொடுத்தார். நாற்பது நிமிஷத் தாமதம். "இந்தா மாப்ள." ஒரு வெட்கம் வேண்டாமா மனுஷனுக்கு?

மார்ச் 11, திங்கள்

இவள் பேசவில்லை. உப்பு எங்கே என்று கேட்டேன், விரலைக் காட்டினாள்.

மார்ச் 17, ஞாயிறு

முப்பத்தெட்டு நிமிஷம். சீட்டைக் கோர்த்து வைத்தேன்.

மார்ச் 24, ஞாயிறு

ஐம்பத்திரண்டு! குறைய வேண்டியது கூடிக்கொண்டு போகிறது.

மருந்துக்கடைக்காரம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "அத்தான்னு பாக்காதீங்க சார். என் தம்பி தினம் ஓடுறவன். வியாழக்கிழமை வரைக்கும் பேரை மாத்தலாமாம். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

நானே சொல்கிறேன் என்றேன். எனக்கென்ன தயக்கம்? அக்கா படுத்திருந்தபோதும் இந்த ஆள் இப்படித்தான். நாலு மணிக்கு வருகிறேன் என்பார், ஐந்தரைக்கு வருவார். அவள் கதவையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வந்து நின்று, "பஸ் கிடைக்கல" என்பார். என்னிடமா பஸ் கதை? அதை நான் மன்னிக்கவே இல்லை. இன்றைக்குத்தான் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

மார்ச் 26, செவ்வாய்

நாளைக்குப் போய்ச் சொல்வதென்றால் கையில் கணக்கு இருக்கட்டும் என்று சீட்டுகளை எடுத்தேன். நிமிஷங்களைக் கூட்ட.

டிப்போவில் காரணத்தை யாரும் படிப்பதில்லை. நேரத்தைப் பார்ப்போம், கம்பியில் குத்துவோம், ஒரு வருஷம் கழித்து எடைக்குப் போடுவோம். அத்தான் எழுதியதையும் நான் அப்படித்தான் வைத்திருந்தேன். இன்றைக்குப் படித்தேன்.

முதல் சீட்டில்: லேஸ் அவிழ்ந்துவிட்டது.

இரண்டாவதில்: லேஸ் அவிழவில்லை. நானே அவிழ்த்துக் கட்டினேன், இரண்டு தடவை.

மூன்றாவதில், கட்டம் போதாமல் ஓரத்தில் வளைத்து எழுதியிருக்கிறார்: பத்தரைக்கே முடித்தால் பதினொன்றுக்கு வீட்டில் இருப்பேன். அப்புறம் மறுநாள் ஆபீஸ் போகும்வரை பேச ஆள் கிடையாது.

என்ன ஆள் நான். இல்லை, என்ன ஆள் இவர்! வாயைத் திறந்து சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்? எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. சொல்வதை விட்டுவிட்டு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார் — நான் படிப்பேன் என்று நம்பி.

இவளிடம் காட்டினேன். படித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கையில வாங்கின அன்னைக்கே படிக்கறதுக்கு என்ன?" என்றாள்.

மார்ச் 27, புதன்

போனேன். சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஏற்கெனவே போட்ட சட்டைகள் நாற்காலியில் ஒரு அடுக்கு. போட்டதையே திரும்பப் போடுகிறார் என்று தெரிந்தது.

"ஞாயித்துக்கிழமை நடை முடிஞ்சா நேரா நம்ம வீடு. ராத்திரி சாப்பிட்டுட்டுக் கிளம்பினாப் போதும்."

"எதுக்கு மாப்ள, உங்களுக்குத் தொந்தரவு."

"தொந்தரவுதான். பத்தரை தாண்டினா சோறு கிடையாது."

சிரித்தார். சிரித்தவர் சும்மா இருந்திருக்கலாம். பெட்டியைத் துடைத்து நிறுத்திவிட்டு, "இல்லத்துலயும் நான் லேட்டுன்னு உனக்குக் கோவம். நாலு மணிக்கெல்லாம் வந்துடுவேன் மாப்ள. தோட்டத்துல நின்னுட்டு இருப்பேன். மேல ஏறக் கால் வராது" என்றார்.

ஒன்றரை மணி நேரம்! அவளுக்கு மிச்சம் இருந்ததே கொஞ்சம்தான். அதில் தினமும் ஒன்றரை மணி நேரம். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கவும் தோன்றியது. இரண்டும் செய்யாமல் வந்துவிட்டேன். கோபம் போகவில்லை. பேரை மாற்றப் போவதுமில்லை.

மார்ச் 28, வியாழன்

மருந்துக்கடைக்காரம்மாவிடம் சொல்லிவிட்டேன். "பாதிதான் கிடைச்சுதுன்னா நீங்கதான் பொறுப்பு" என்றார். சரி என்றேன். தலைவலி மாத்திரைகூடக் கேட்காமல் திரும்பினேன்.

மார்ச் 31, ஞாயிறு

பத்து இருபத்தைந்து! சோற்றை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். அப்புறம் என் கட்டிலில் ஐந்து மணி வரை குறட்டை. நான் தரையில். இதற்குத்தானா ஆசைப்பட்டேன்?

ஏப்ரல் 28, ஞாயிறு

ஐந்து பதினான்கு.

எழுதவே கை வரவில்லை. இருபத்து நாலாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது — எனக்கு. ஆம், எனக்குத்தான். வெட்டிப் போட்ட மாதிரி பாதையோரம் கிடந்தேன். இவள் காலை நீவிவிட்டாள். மருந்துக்கடைக்காரம்மா ஏதோ தைலத்தைக் கொட்டினார், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அத்தான் என் பையை வாங்கி மாட்டிக்கொண்டு, என் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். நான்கு கிலோமீட்டரும் அப்படியே. "என்னை விட்டுட்டுப் போங்க" என்று கத்தினேன். விட்டுவிட்டுப் போனால் மட்டும் முழுதும் கிடைக்குமா என்ன. புத்தி கெட்டுப் போனால் அப்படித்தான் கத்தத் தோன்றும்.

நடை முடியும் இடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, பாதி என்று குறித்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் குறித்திருப்பேன்.

லிஃப்ட் இந்த வருஷம் இல்லை. அக்கா, என்னால்தான்.

மே 2, வியாழன்

காசோலையைக் கொடுக்க இவளும் அத்தானும் இல்லத்துக்குப் போனார்கள். நான் போகவில்லை. எந்த முகத்தோடு?

மே 12, ஞாயிறு

காசோலை கொடுக்கப் போன அன்றைக்கு அத்தான் அங்கே இருந்த நர்ஸிடம் கேட்டிருக்கிறார்: மாடியில் இருப்பவர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கித் தோட்டத்துக்கு இறக்கலாமா என்று. மருத்துவர் யாருக்குச் சரி என்கிறாரோ அவர்களைத் தாராளமாக இறக்கலாம், தூக்கத்தான் ஆளில்லை என்றாராம்.

இன்று நாங்கள் போனோம். ஒரு நாற்காலிக்கு அத்தானும் நானும். இன்னொன்றுக்கு ஓட்டுநரும் மருந்துக்கடைக்காரம்மாவின் தம்பியும். முப்பத்து நாலு படி. இருபத்தெட்டு கிலோமீட்டர் நடந்த காலுக்கு அது பெரிதில்லை. திருப்பத்தில் மட்டும் நாற்காலியைச் சாய்க்காமல் திருப்ப வேண்டும். அங்கே அத்தான் என்னை அதட்டினார், நான் அவரை அதட்டினேன்.

முதலில் இறக்கியது ஒரு தையல்காரரை. எலும்பும் தோலுமாக இருந்தார். மரத்தடியில் வைத்ததும் காலை நீட்டிச் செருப்பைக் கழற்றச் சொன்னார். புல்லில் கால் வைத்தார். அரை மணி நேரம் ஆனதும், "போலாமா ஐயா?" என்று கேட்டேன். "என்ன அவசரம்?" என்றார். மேலே இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அத்தான் என் பக்கம் பார்க்காமல் கேட்டார்: "அவ என்ன எடை இருந்திருப்பா மாப்ள, அப்போ?"

முப்பத்தாறு கிலோ. வாரா வாரம் எடை பார்த்து எழுதும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். லிஃப்ட் இல்லையென்று புகார்ப் புத்தகத்தில் இரண்டு தடவை எழுதினேன். அவர் கீழே நின்றுகொண்டிருந்தார், நான் மேலே உட்கார்ந்துகொண்டிருந்தேன். ஆறு வாரம். நாலு கை இருந்தது எங்களிடம்.

அவரிடம் எடையைச் சொல்லவில்லை. மேலே போய் அடுத்தவரைத் தூக்கினோம்.