மார்ச் இருபத்தைந்தில் ஒரு வருஷப் பிறப்பு

மாத்தளை
மார்ச் 3

அன்பு மருமகன் துஷ்யந்தனுக்கு,

லண்டன் குளிரில் உன்னை முத்துமாரியம்மன் காக்கட்டும். நான் சுகம். மாத்தளையில் விஷயம் தெரிந்தவன் ஒருவனாவது வேண்டுமென்று ஆத்தா என்னை நோயில்லாமல் வைத்திருக்கிறாள்.

உன் அம்மாவுக்கு இருபத்தாறாம் திகதி கண்டியில் நெஞ்சு ஆபரேஷனாம். உன் தங்கை நிரோஷா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

போன சித்திரைச் சண்டையை அம்மா தன் பாட்டுக்குச் சொல்லியிருப்பாள். நடந்தது இதுதான். என் பஞ்சாங்கப்படி வருஷம் பிறக்க இன்னும் ஐம்பது நிமிஷம் இருந்தது. அவள் வேறொரு குப்பைப் பஞ்சாங்கத்தைப் பார்த்து முந்திப் பால் பொங்கவிட்டாள். கேட்டதற்கு, "எட்டாம் வகுப்போட நின்னுட்டு சூரியனுக்கே நேரம் சொல்றீங்களாண்ணே?" என்றாள். எட்டாம் வகுப்பை நான் இரண்டு தடவை படித்தவன். அடுத்த வருஷம் பிறக்காமல் இந்தப் படி மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். உங்கள் யட்டவத்தை கடைத்தெருவே வீட்டு வாசலில் திரண்டு வந்து பார்த்தது.

ஜனவரி முதலாம் திகதி, வருஷம் பிறந்துவிட்டது, வாருங்கள் என்று பலகாரம் அனுப்பினாள். வெள்ளைக்காரன் வருஷம் எனக்கெதற்கு என்று திருப்பிவிட்டேன். மொறுமொறுவென்றிருந்த கொக்கிஸை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இப்போது ஸக்கரியாவின் பழைய பேப்பர் கடையில் ஒரு சரித்திரப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டேன். வருஷத்துக்குக் கணக்குப் போட்டவர்களைப் போல மடையர்கள் உலகத்தில் இல்லை. ரோமாபுரிக்காரன் மார்ச்சில் தொடங்கிவிட்டு ஜனவரிக்குத் தாவினான். பிரான்ஸ்காரன் ஒரு காலம் ஈஸ்டரில் வருஷத்தைத் தொடங்கினானாம். ஈஸ்டரோ வருஷா வருஷம் இடம் மாறுவது! வருஷம் எவ்வளவு நீளமென்று தெரியாமலே குடித்தனம் நடத்தியிருக்கிறான். ஸக்கரியா வேறு, "எங்கட முஸ்லிம் வருஷம் எப்பவோ பொறந்துட்டு அண்ணே, போய்த்து தங்கச்சியப் பாருங்களே" என்கிறான். அவனிடம் யார் கேட்டது?

உன் இங்கிலாந்துக்காரன்தான் கொஞ்சம் தேவலை. 1752க்கு முன்னால் அங்கே மார்ச் இருபத்தைந்தில்தான் வருஷம் பிறந்ததாம். பிறகு அவனும் புத்தி கெட்டு ஜனவரிக்குப் போனான்.

சித்திரை பிறக்கும்வரை பொறுக்க அந்த டாக்டருக்குத் தெரியாது. ஆகவே இருபத்தைந்தாம் திகதி முதல் பஸ்ஸில் யட்டவத்தை போகிறேன். சத்தியமும் தப்பவில்லை.

அம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சொல்லு. புத்தகத்தில் இருக்கிறது என்று சொல்லு, மாமா தேடினார் என்று சொல்லாதே. சிரிப்பாள். சிரித்தாலும் பரவாயில்லை, பயப்படாமல் இருந்தால் சரி. அன்றைக்கு அவள் எந்த நேரத்தில் பாலை அடுப்பில் வைத்தாலும் நான் வாய் திறக்க மாட்டேன்.

நீங்கள் எல்லாரும் நூறு வருஷம் இருக்க வேண்டும், எவன் கணக்குப்படி என்றாலும்.

உன் தாய்மாமன்,
இராசமாணிக்கம்