அண்ணி இல்லாத மே மாதம்

என் ராணி அண்ணிக்கு, கல்லறைத் தோட்டத்தில் பேச முடியாததையெல்லாம் இங்கே பேச வந்திருக்கிறேன்.

அங்கே வரும்போதெல்லாம் அண்ணன் பக்கத்திலேயே நிற்கிறார். மெழுகுவர்த்தி ஏற்றி முடிப்பதற்குள் "போலாமா?" என்கிறார். உங்களோடு நாலு வார்த்தை மனம்விட்டுப் பேச விட்டால்தானே? அதனால்தான் எழுதுகிறேன். யார் படித்தாலும் படிக்கட்டும், நம் வீட்டில் மறைக்க என்ன இருக்கிறது?

மே மாதம் முடிந்தது அண்ணி. நீங்கள் இல்லாத முதல் மே மாதம். அது எப்படிப் போனது என்று உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் நானும் அண்ணனும் சண்டை போட்டது உங்கள் மகளுக்காக.

தவக்காலத்தில் அந்தப் பாழாய்ப்போன காமாலை உங்களைக் கொண்டுபோனது. ஈஸ்டர் முடிந்த கையோடு அண்ணன் ஒரு முடிவோடு வந்து உட்கார்ந்தார். "பிரின்ஸிய நாகப்பட்டினத்துல அவ பெரியம்மா வீட்டுல விட்டுடலாம். அங்கேயே ஸ்கூல்ல சேத்துக்கட்டும். நான் ஷிப்டுக்குப் போயிடுறேன், நீ எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போயிடுற. லீவு விட்டா பகல் பூரா இவள யாரு பாத்துக்குவா? பொம்பளப் புள்ளய உள்ள வச்சுப் பூட்டிட்டா போக முடியும்?"

கேள்வி நியாயம்தான். ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை போய், சம்பாவும் போய், வலங்கைமானிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் பெட்டியைக் கட்டிக்கொண்டு தாம்பரத்துக்கு வந்த குடும்பங்கள்தானே நம் லைன் வீடு முழுக்க? புதிது புதிதாகக் கம்பெனி திறந்தார்கள், ஆளைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். பிள்ளைகளை எங்கே விட்டுவிட்டு வருவது என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. அதனால் மே மாதம் வந்தால் எல்லா வீட்டிலும் பிள்ளையை உள்ளே வைத்து, டிவியைப் போட்டுவிட்டு, வெளியே பூட்டிக்கொண்டு போவார்கள்.

சாவியை வாங்கி அந்தப் பூட்டையெல்லாம் திறந்தது நீங்கள்தானே! லேடீஸ் ஹாஸ்டலில் காலைச் சமையலை முடித்துவிட்டு வருவீர்கள், தூக்குச்சட்டியில் புளிசோறு ஏறும், பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். ஒரு நாள் கடற்கரை, ஒரு நாள் ஃபேன் ஓடுகிற நூலகம், ஒரு நாள் எழும்பூர் மியூசியத்தில் திமிங்கல எலும்புக்கூடு. பல்லாவரத்து மலைமேட்டில் உட்கார்ந்து விமானம் இறங்குவதைப் பார்க்க வைப்பீர்கள். "டிக்கெட் எடுத்தவன் உள்ள உக்காந்துருக்கான், அவனுக்கு என்ன தெரியும்? நாமதான் முழு ஏரோப்ளேனையும் பாக்குறோம்" என்று நீங்கள் சொன்னதை இன்றைக்கும் பிரின்ஸி சின்னப் பிள்ளைகளிடம் சொல்கிறாள்.

டிவியில் அந்தத் தண்ணீர்ப் பூங்கா விளம்பரம் வந்தபோது பிள்ளைகள் எல்லாம் அழுதார்களே, ஞாபகம் இருக்கிறதா? "தண்ணியில குதிக்க ஒருத்தன்கிட்ட காசு குடுக்கணுமா? கொழுப்பா?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்கே எல்லாரையும் பீச்சுக்கு இழுத்துக்கொண்டு போய் நனைத்துக் கூட்டிவந்தீர்கள். மூன்று பேருக்குச் சளி பிடித்தது. நான்தான் கஷாயம் வைத்தேன்.

அந்தப் பாய் கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு அடக்க முடியவில்லை. பூங்காவில் கோடை விழா, இலவசக் கச்சேரி என்று யாரோ சொன்னார்கள். நம் ஊரில் ஈஸ்டருக்குப் போடும் பாஸ்கா நாடகத்துக்கு மத்தியானமே பாய் விரித்து இடம் பிடிப்போம் இல்லையா, நீங்கள் அதே நினைப்பில் மூன்று மணி வெயிலில் மேடைக்கு முன்னால் நம் கோரைப்பாயை விரித்துவிட்டீர்கள். விழா நடத்துகிறவர் ஓடிவந்தார். "அம்மா, இங்க வி.ஐ.பி. சேர் போடணும். எழுந்திரிங்கம்மா."

நீங்கள் அசையவே இல்லை. "தாராளமா போடுங்க தம்பி, பாய்க்குப் பின்னாடி போடுங்க. எங்க ஊர்ல பிஷப்பே வந்தாலும் விரிச்ச பாய எடுக்கச் சொல்ல மாட்டாங்க." அவர் தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார். அன்றைக்கு வி.ஐ.பி. எல்லாரும் நம் பிள்ளைகளின் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் பாட்டுக் கேட்டார்கள். போகும்போது அந்த மனிதருக்கும் இரண்டு கரண்டி புளிசோறு கொடுத்தீர்கள், அவரும் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

இதில் எதற்கும் அண்ணன் வந்ததில்லை. ஷிப்ட், தூக்கம், ஷிப்ட், தூக்கம். "உங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லையா?" என்பார். நீங்களும் சலிக்காமல் ஒவ்வொரு வாரமும் கூப்பிடுவீர்கள்.

சரி, சண்டைக்கு வருகிறேன். "ஸ்கூல்ல டி.சி.க்குச் சொல்லி வச்சுட்டேன்" என்று அண்ணன் சொன்னதும் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! தாயைப் பறிகொடுத்த பிள்ளையைத் தகப்பனிடமிருந்தும் பிரிப்பதா? பிரின்ஸி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழாமல் நின்றதுதான் என்னை என்னவோ செய்தது.

"ஒரே ஒரு மே மாசத்த எனக்குக் குடுங்கண்ணே," என்றேன். "ஒரு நாள், ஒரே ஒரு நாள் இவ வீட்டுல தனியா இருந்தா, நீங்க டி.சி. வாங்கிக்குங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன். அப்படி இல்லன்னா இவ இங்கதான் படிப்பா."

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பேச்சு மாற மாட்டியே?"

"மாற மாட்டேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேன், அண்ணி. எனக்கு வாரத்தில் ஒரு நாள்தான் லீவு. மீதி நாளுக்கு எங்கே போவேன்? அப்போதுதான் எங்கள் அப்பா நினைவுக்கு வந்தார். தண்ணீர் குறைந்த வருடத்தில் வாய்க்கால் மடையை முறை வைத்துத்தானே திறப்பார்கள்? இன்றைக்கு இவன் வயல், நாளைக்கு அவன் வயல். குறைந்த தண்ணீரில் எல்லார் பயிரும் பிழைத்துக்கொள்ளும்.

மறுநாள் லைன் வீட்டுப் பெண்களைக் கிணற்றடியில் உட்கார வைத்தேன். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிற தனத்துக்கு வியாழன் லீவு. ஜவுளிக்கடைக்காரிக்குச் செவ்வாய். மெஸ்ஸில் வேலை செய்கிறவளுக்குத் திங்கள். மீதி நாட்களுக்கும் இப்படியே ஆள் அமைந்தது. ஒருத்தி லீவில் இருக்கிற நாளில் எல்லார் பிள்ளையும் அவள் பொறுப்பு. எங்கே கூட்டிப்போனாலும் சரி, பஸ் சார்ஜுக்கு மேல் செலவு வைக்கக்கூடாது. "ஏன்டி, முறைத் தண்ணி மாதிரி முறைப் புள்ளையா?" என்று தனம் சிரித்தாள். ஆனால் முதல் ஆளாகச் சம்மதித்ததும் அவள்தான்.

நடந்தது அண்ணி! நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஜவுளிக்கடைக்காரி பிள்ளைகளை மாநகராட்சிப் பள்ளியில் நடந்த இலவச ஓவிய வகுப்பில் உட்கார வைத்தாள். மெஸ்காரி ரயில் நிலையத்தில் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து, நம் ஊர் ரயில் புறப்படுவதைக் காட்டிவிட்டு வந்தாள். எந்த ஊர் ரயில் எங்கே நிற்கும் என்று இப்போது பிள்ளைகள் தலைகீழாகச் சொல்கிறார்கள். பிரின்ஸிக்கு முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தாள்.

அண்ணன் தினமும் வந்து "இன்னைக்கு யாரு?" என்று மட்டும் கேட்பார். தப்பு நடக்கட்டும் என்று காத்திருக்கிறாரோ என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

கடைசி வாரத்து வியாழக்கிழமை அந்தத் தப்பு நடந்தேவிட்டது. கம்பெனியில் ஷிப்மென்ட் நெருக்கடி, நான் விடியும்போதே வேனில் போய்விட்டேன். சாயங்காலம் திரும்பி வந்தால், தெருமுனையிலேயே தனம் நிற்கிறாள், ஆஸ்பத்திரி யூனிஃபார்மோடு.

"ஸ்டெல்லா, தப்பா எடுத்துக்காதடி. காலையில ஆள் விட்டுக் கூப்பிட்டுட்டாங்க. வரலன்னா வேலைக்கே வர வேணாம்னு சொல்லிட்டாங்க. புள்ளைங்கள வாசல்ல உக்கார வச்சுட்டு ஓடுனேன். இப்ப வந்து பாத்தா ஒரு புள்ளையையும் காணோம்!"

நம் வீடு பூட்டியிருந்தது. திறந்து உள்ளே ஓடினேன். பிரின்ஸியின் பை இல்லை, தண்ணீர் பாட்டில் இல்லை, செருப்பு இல்லை. இரவு வேலை முடித்துக் காலையில் வந்து தூங்க வேண்டிய அண்ணனையும் காணோம். நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டார், பேசியபடியே செய்துவிட்டார் என்றே நினைத்தேன். மற்ற பிள்ளைகள் எங்கே என்று யோசிக்கக்கூட அப்போது எனக்குத் தோன்றவில்லை. இயேசுவே, இயேசுவே என்று பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன்.

ஒரு பஸ் வந்து நின்றது. முதலில் தனத்தின் மகன் குதித்தான். அடுத்து ஜவுளிக்கடைக்காரியின் இரண்டு பெண்கள். அப்புறம் பிரின்ஸி. கடைசியாக, தோளில் ஒரு குழந்தை தூங்க, பேன்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிவிட்டுக்கொண்டு, மணலும் ஈரமுமாக அண்ணன்!

"அத்தை, அப்பாவுக்கு எந்த பஸ்னே தெரியல! பீச்சுக்கு நாங்கதான் கூட்டிட்டுப் போனோம்," என்று பிரின்ஸி கத்தினாள். உங்கள் மகள் அப்படிக் கத்தி எவ்வளவு நாளாயிற்று!

அண்ணன்தான் பேசினார். "வேலையிலேருந்து வரேன், எல்லாம் பைய மாட்டிக்கிட்டு வாசல்ல உக்காந்துருக்குதுங்க. உள்ள போங்கடான்னு சொல்ல வாய் வரல. இத்தன வருஷம் அவ கூப்பிட்டுக்கிட்டே இருந்தா ஸ்டெல்லா. ஒரு தடவ கூட நான் போகல." பஸ் ஸ்டாப்பில் அத்தனை பேர் பார்க்க அண்ணன் அழுதார். நானும் அழுதேன். ஒரு நாள்கூட பிரின்ஸி தனியாக இருக்கவில்லை என்று சொல்லிக்காட்ட வேண்டும் என்றுதான் மாதம் முழுக்க நினைத்திருந்தேன். அப்போது அதைச் சொல்ல மனம் வரவில்லை.

வீட்டு வாசலுக்கு வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டி.சி. வேணாம்னு நாளைக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துடுறேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "எனக்கும் ஒரு முறை போட்டு வை" என்றார்.

அண்ணி, பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பிரின்ஸி இங்கேதான் போகிறாள். அவளுக்கு நீங்கள் இல்லாத குறையை என்னால் தீர்க்க முடியாது, அந்தப் பொய்யை உங்களிடம் சொல்ல மாட்டேன். ஆனால் அவளை அவள் அப்பாவிடமிருந்து யாரும் பிரிக்க விடமாட்டேன். அண்ணனே மறுபடி மனம் மாறினாலும் விடமாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

அவள் வயதுக்கு வரும்போது உங்கள் இடத்தில் நான் நிற்பேன்.

என்றும் உங்கள் நாத்தனார்,
உங்கள் மகளின் அத்தை,
ஸ்டெல்லா