வலப்பக்கம் விட்டு நடப்பது

எல்லாம் தெரிந்த நீ எப்படி அந்தக் காற்றுக்குள் போனாய்? எனக்கு விடை தெரியவில்லை, தம்பி. இயற்பியல் படித்தவள் ஆயிற்றே, இவளுக்காவது தெரிந்திருக்கும் என்று உன் மனைவி இன்னும் நினைக்கிறாள்.

முந்தாநாள் மாலை செங்கம் சாலையில் ஒரு பேருந்து என் ஸ்கூட்டரை முந்திக்கொண்டு போனது. அது போன பிறகுதான் வண்டி ஆடியது. ஓரமாக நிறுத்தினேன். மறுநாள் உன் மகள் முதல்முறையாகத் தனியாக ஹெலிகாப்டர் ஓட்டவிருந்தாள்.

நீ கடைசியாக விடுப்பில் வந்தபோது கிரிவலம் போனோம். அடி அண்ணாமலை அருகே கூட்டத்தை விட்டு விலகி, மலையை ஒட்டிய வலது ஓரமாக நடந்தேன். நீ கையைப் பிடித்து இழுத்தாய்.

“அந்தப் பக்கம் போவாதக்கா. சித்தருங்க நடக்கிற வழி.”

“பைலட்டு பேசற பேச்சாடா இது? கண்ணுக்கே தெரியாத ஆளுங்களுக்கு ரோட்டுல பாதி எதுக்கு?”

“மேல வந்து பாரு. பெரிய ஃப்ளைட் போன வழியில ஒண்ணும் தெரியாது. அது றெக்கை கிளப்பிவிட்ட காத்து மட்டும் அங்கயே சுத்திக்கினு இருக்கும். காலியா கீதேன்னு உள்ள பூந்தா நம்மளப் புரட்டிப் போட்டுடும். வழி விட்டுத்தான் ஆவணும்.”

“அப்போ உங்க சித்தருக்கு றெக்கை வேற இருக்குதா?”

நீ சிரித்தாய். உன் விரலைப் பிடித்து நடந்த மகளும் சிரித்தாள்.

சில மாதங்களில், தெளிந்த வானத்தில், ஒரு பெரிய விமானம் இறங்கிப் போன பாதையை உன் ஹெலிகாப்டர் குறுக்கே கடந்து, புரண்டு விழுந்தது. இடைவெளி போதவில்லை என்றார்கள். சித்தர்களை நான் இன்றும் நம்புவதில்லை. தெரிந்துகொண்டால் தப்பித்துவிடலாம் என்பதை நம்பியிருந்தேன். உன்னோடு அதுவும் போயிற்று. உன் மகளுக்கும் எல்லாம் தெரியும். என் பயமே அதுதான்.

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். காலையில் அடுப்பே பற்றவைக்கவில்லை. அவள் பேசுவதாகச் சொன்ன நேரம் தாண்டியது. உன் மனைவியை அழைக்கத் துணிவில்லை. நண்பகலுக்குப் பிறகு போன் அடித்தது.

“ஏண்டி இவ்ளோ நேரம்?”

“முன்னாடி பெரிய ஃப்ளைட் ஒண்ணு எறங்குச்சு அத்தை. டவர்ல போலாம்னுதான் சொன்னாங்க. நான்தான் இன்னும் கொஞ்சம் நிக்கிறேன்னு கேட்டேன். எனக்குப் பின்னாடி காத்துக்கினு இருந்தவரு செம திட்டு.”

“எதுக்குடி நின்ன?”

“றெக்கை வச்ச சித்தரு போவட்டும்னு.”

மாலையில் கிரிவலப் பாதைக்குப் போனேன். பௌர்ணமி இல்லை, சாலை முழுவதும் காலியாகக் கிடந்தது. இடது ஓரமாகவே நடந்தேன்.