உனக்கும் கொழுப்பு

7.2.1983, திங்கள்
பெரியாஸ்பத்திரியில் காத்துக் கிடந்தே பாதி உயிர் போய்விட்டது. முழங்கையில் இருக்கும் மஞ்சள் கட்டிகளைப் பார்த்துவிட்டு கம்பெனி டாக்டர்தான் அனுப்பினார். அப்பாவுக்கும் இப்படி இருந்தது. வலிக்காத கட்டியை யார் போய்க் காட்டுவார்கள்?

ரத்தத்தில் கொலஸ்ட்ரால் 412.

"அப்பா எத்தனை வயசுல இறந்தார்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"நாப்பத்திரண்டு. அண்ணன் நாப்பத்தொண்ணு. தம்பி இருக்கான்."

"உங்களுக்கு?"

"முப்பத்தெட்டு."

பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

8.2.83
பரம்பரையாக வருவதாம். சிகரெட், ரத்த அழுத்தம், சர்க்கரை, இதில் எது சேர்ந்தாலும் ஆயுள் இன்னும் குறையுமாம். சிகரெட்டை விட்டு, வாயைக் கட்டி, மாத்திரையும் போட்டால் அறுபதைக்கூடப் பார்க்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த மட்டில் நிம்மதி என்று கிரேசி சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தம்பிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டாம். சீக்கிரம் கூட்டிவரச் சொன்னார். எங்கே கூட்டிவருவது? சாலமோனோடு பேசி மூன்று வருடம். காந்திமதிக்குக் கோயிலில் வைத்துத் தாலி கட்டினான் என்று நான் கல்யாணத்துக்கே போகவில்லை. வாலாஜாபாத் ஒரே பஸ் தூரம்தான். ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட் ஊதுகிறவன் அவன்.

10.2.83
"குச்சி மாதிரி கீற, உனக்கு இன்னாபா கொழுப்பு?" என்றான் பக்கத்து மெஷின் சுப்பன். லைன் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன்.

ஷிப்டுக்கு முன்னால் சாலமோனுக்குக் கார்டு போட்டேன். இடம் இல்லாததால் சுருக்கமாக: 'உனக்கும் கொழுப்பு இருக்கும். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் இருந்தது. அதனால்தான் போய்ச் சேர்ந்தார்கள். இப்போதே அடக்காவிட்டால் உனக்கும் அதே கதி. – செல்வநாதன்.'

24.2.83
பதில் இல்லை. படி ஏறினால் நெஞ்சில் கல்லை வைத்தது போல் இருக்கிறது.

5.3.83, சனி
சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் காந்திமதியின் அண்ணன் பலராமன் பிடித்துக்கொண்டான்.

"இன்னா சார் அப்படி எழுதிட்டீங்க? போஸ்ட்மேன் வாசல்ல நின்னு சத்தமா படிச்சிட்டாரு. தெருவே கேட்டுக்கினு இருந்துச்சு. 'செத்துப்போன அப்பனையே கொழுப்பெடுத்தவன்றானே'ன்னு மாப்ள குதிகுதின்னு குதிச்சாரு."

அட கர்த்தரே! 'ரத்தத்தில்' என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கக் கூடாதா? நான் என்ன எழுதினேன், அவன் என்ன படித்தான்!

6.3.83, ஞாயிறு
ஆராதனைக்குப் போகாமல் வாலாஜாபாத் போனேன். சாலமோன் நாற்காலியை விட்டு எழவில்லை. கையில் சிகரெட். காந்திமதிதான் தண்ணீர் கொடுத்தாள். சட்டையை மடித்து முழங்கையைக் காட்டினேன்.

"இதைத்தான்டா எழுதினேன். ரத்தத்துல இருக்கற கொழுப்பு."

"கல்யாணத்துக்கு வரல. சாவுச் சேதி சொல்ல மட்டும் வந்துட்டியா?"

"வந்திருக்கணும்டா. தப்புதான்" என்றேன். காந்திமதியிடமும் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் கிடையாது. ரத்தத்தை எடுத்து நிரூபிக்கிறேன். அப்புறம் நீ இந்தப் பக்கமே வராத."

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அதுவே பெரிசாக இருந்தது.

20.3.83
இப்போதெல்லாம் என் ஜெபம் ஒன்றே ஒன்றுதான். அவனுக்கு இருக்கக் கூடாது.

2.4.83
அலுப்பு. சிகரெட் இல்லாமல் கை பரபரக்கிறது. வேறு எழுத ஒன்றும் இல்லை.

17.4.83, ஞாயிறு
சாலமோன் வந்தான், காந்திமதியோடு. கதவைத் திறந்த கிரேசி அப்படியே நின்றுவிட்டாள்.

"நானூத்தி முப்பத்தாறு" என்றான், செருப்பைக் கழற்றிக்கொண்டே. "உன்னவிட எனக்குத்தான் கொழுப்பு ஜாஸ்தி."

சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. நான் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். எண்ணெய் கம்மியாகக் குழம்பு வைப்பது எப்படி என்று காந்திமதி கிரேசியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். சாயந்திரம் வரை இருந்தார்கள். ஒரு சிகரெட்கூட அவன் பற்றவைக்கவில்லை.

இல்லை என்று ரிசல்ட் வந்திருந்தால் அவன் என் வாசல்படி ஏறியிருக்க மாட்டான். என் ஜெபம் கேட்கப்படவில்லை. ஆனாலும் இன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதவே கூசுகிறது.