மாடியில் வியாழன்

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூரு
22 பிப்ரவரி 2026, ஞாயிறு

அன்பு மகள் லீனாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் அப்பாவும் நானும் இருக்கிறோம், அந்த வின்னிபெக் பனியில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலைப் பூசையில் வேண்டிக்கொண்டேன். எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன். நவம்பரிலிருந்து எனக்கு வலது கை நடுங்குகிறது. பார்க்கின்சன் என்றார் டாக்டர், ஆரம்பம்தானாம், மாத்திரை சாப்பிடுகிறேன். கண்ணாடிக் கடை வேலையை விட்டுவிட்டேன். இருபத்தாறு வருஷம் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்திய கையால் ஒரு ஸ்க்ரூவைப் பிடிக்க முடியாமல் போனதும் ஸ்க்ரூடிரைவர்களையெல்லாம் துணியில் சுற்றி அலமாரியில் போட்டுவிட்டேன்.

அப்பாதான் ஒருநாள் பிளம்பர் கடையிலிருந்து நீளமாக ஒரு பிவிசி குழாயைத் தூக்கிக்கொண்டு வந்து, "அன்னா, டெலஸ்கோப் செய்யப்போறேன், எந்த லென்ஸ் போடணும் சொல்லு" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது, ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. முன்பக்கம் ப்ளஸ் ஒன் பவர், அதற்கு முன்னால் கறுப்பு அட்டையில் ஐந்து ரூபாய் காசு அளவு ஓட்டை, கண் வைக்கும் பக்கம் வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் மாட்டுகிற லென்ஸ் என்று சொன்னேன். அவர் ஒட்டியது இரண்டு தடவையும் கோணல். மூன்றாம் தடவை நானே பிடுங்கிக்கொண்டேன். முழங்கையை மேஜையில் ஊன்றி, நடுக்கம் அடங்கும் நொடிக்காகக் காத்திருந்து காத்திருந்து ஒட்டினேன், ஒரு மத்தியானம் முழுக்க ஆயிற்று. நேராக உட்கார்ந்தது லீனா.

நேற்று சாயங்காலம் ஏழு மணிக்கு அதை மாடியில் அப்பாவின் கேமரா ஸ்டாண்டில் கட்டி வியாழன் பக்கம் திருப்பினோம். நான் குழாயைப் பிடித்தால் எல்லாம் துள்ளியது. "கைய எடும்மா, கண்ண மட்டும் வை" என்றார் அப்பா. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தேன். மிளகு அளவில் ஒரு வெள்ளை வட்டம், பக்கத்தில் ஒரே கோட்டில் மூன்று புள்ளிகள். அதெல்லாம் வியாழனுடைய நிலாக்கள் என்று அப்பா சொன்னதும் இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் சேர்ந்து மெல்ல ஓரத்துக்கு நகர்ந்து மறைந்தன. ஸ்டாண்டு சரிந்துவிட்டதா என்று கேட்டேன். "இல்ல, பூமி சுத்துது, மாடியோட நம்மளையும் தூக்கிக்கிட்டு" என்றார். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனாலும் கைப்பிடிச் சுவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். துணி எடுக்க வந்த மேல்வீட்டு சங்கமித்ரா பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, நிஜமா நீங்களே செஞ்சதா?" என்றாள். இன்றைக்கு மறுபடி பார்த்தோம், நான்கு புள்ளிகள், நேற்று ஒன்று பின்னால் மறைந்திருந்ததாம். இத்தனை நாளும் நம் தலைக்கு மேலே இது நடந்துகொண்டிருந்திருக்கிறதே!

இதைப் படித்துவிட்டு டிக்கெட் போட்டுவிடாதே, நர்ஸ் பரீட்சையை எழுதி முடி, டிசம்பரில் வந்தால் போதும். வெளியே போகும்போது காதை மூடிக்கொள். நீ வரும்போது சனி தெரியுமாம், அதன் வளையத்தைப் பார்க்க இன்னும் பெரிய டெலஸ்கோப் வேண்டும் என்கிறார் அப்பா. குழாய் மட்டும் அவர் வாங்கட்டும், லென்ஸை நான் பொருத்துகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மாதா உன் கூடவே இருந்து காக்கட்டும்.

ஆசீர்வாதத்துடன் உன் அம்மா,
அன்னா மைக்கேல்ராஜ்