ஏலத்தில் போன வகுப்பறை

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம்தான், என் முழங்கால் மட்டும் அந்தக் கணக்கில் சேரவில்லை. உன் இருமல் நின்றதா, அந்த வாடகை வீட்டுக்காரர் ஹீட்டரைச் சரிசெய்து கொடுத்தாரா என்று முதலில் எழுது. உன் தம்பி மறுபடி வேலை மாறிவிட்டான், இந்த முறை காரணம் மேலாளர் இல்லை, சம்பளம் என்கிறான், அதனால் நம்பலாம். மாடித் தண்ணீர்த்தொட்டி ஒழுகுகிறது.

நீ போனில் கேட்டதற்கு வருகிறேன். அம்மாவின் பொருளாதாரத் துறையில் காலியாக இருக்கும் ஒரே விரிவுரையாளர் இடத்துக்கு மனுப் போடட்டுமா என்று கேட்டாய், அவள், "அதெல்லாம் வேண்டாம், நீ அங்கயே இரு" என்று சொல்லிப் போனை என்னிடம் தந்துவிட்டாள். நான் பத்திரிகையில் காலம் தள்ளியவன், ஒருவர் சொன்னதை மட்டும் வைத்துச் செய்தி எழுதிப் பழக்கமில்லை, ஆகவே நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கல்லூரியில் இடநெருக்கடி, அறைகளை எப்படிப் பிரிப்பது என்று சண்டை வந்தபோது, எல்லாத் துறைக்கும் சமமாகப் புள்ளிகள் கொடுத்து ஏலம் விடுங்கள் என்று யோசனை எழுதிக் கொடுத்தவளே உன் அம்மாதான். முதல்வர் அப்படியே நடத்திவிட்டார். மற்றவர்கள் தங்களுக்குப் பிடித்த ஓர் அறையின் மேல் கையில் இருந்ததையெல்லாம் கொட்டினார்கள். அம்மாவின் துறை மட்டும் உட்கார்ந்து கணக்குப் போட்டு, தங்கள் வகுப்பறை தங்களுக்கு உண்மையில் எவ்வளவு பெறுமோ அதை மட்டும் வைத்தது. மேலாண்மைத் துறை அந்த அறையைத் தட்டிக்கொண்டு போயிற்று, இவர்களுக்குக் கிடைத்தது யாரும் கேட்காத பழைய வேதியியல் ஆய்வகம். மேசைக்கு ஒரு தண்ணீர்க் குழாய், பணவீக்கப் பாடம் நடத்தும்போது ஒன்று சொட்டிக்கொண்டே இருக்குமாம். உனக்குத் தெரிந்த அந்தச் சுருட்டைமுடி வரலாற்றுப் பேராசிரியர், "உங்க சூத்திரமே உங்க வீட்டைப் பிடுங்கிடுச்சே மேடம்" என்று கிண்டல் செய்திருக்கிறார். "ஏலம் ஒழுங்காத்தான் நடந்துச்சு சார்" என்றாளாம். வீட்டிலும் அதையே சொன்னாள், சொல்லிவிட்டு என் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டாள்.

இப்போது பொருளாதாரத்தைத் தரவு அறிவியலோடு சேர்த்து ஒரு பாடமாக்கிவிடலாம் என்கிறார் முதல்வர். மாணவர்கள் குறைகிறார்கள், கணிப்பை இனி கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்பது அவர் வாதம். இந்த ஆண்டு அந்த விரிவுரையாளர் இடத்துக்கு ஆள் வராவிட்டால் இடமும் போகும், துறையும் போகும். கூட்டத்தில் தான் பேசியதை அம்மா வந்து சொன்னாள்: "நாளைக்கு வெங்காயம் என்ன விலைன்னு மெஷின் சொல்லிடும். அந்த விலைக்கு யாரு வாங்காம திரும்பிப் போனா, ஏன் போனான்னு ஒருத்தர் போய்க் கேக்கணும்ல? அதைச் செய்யாம சூத்திரத்தையே கட்டிக்கிட்டு அழுதது எங்க தப்பு. இனிமே வர்றவங்க செய்வாங்க." முதல்வர் குறித்துக்கொண்டாராம். குறித்துக்கொள்கிறவர்கள் செய்து நான் பார்த்ததில்லை என்றேன், முறைத்தாள்.

போன வாரம் மிச்சமிருந்த சின்ன அறைகளுக்கு ஏலம். ஆய்வகத்தை ஒட்டிக் குடுவைகள் வைத்திருந்த ஓர் அறை, ஒரு மேசையும் நாற்காலியும் போடலாம், ஜன்னல் உண்டு. வரப்போகும் விரிவுரையாளருக்கு என்று சொல்லித் துறையின் புள்ளிகள் அத்தனையையும் அதன் மேல் வைத்துவிட்டாள் உன் அம்மா. துறைகள் புள்ளிகளை எழுதிப் போட்ட உறைகளைப் பிரித்தால் அந்த அறையை வேறு யாருமே கேட்கவில்லை, ஒரு புள்ளி வைத்திருந்தாலே கிடைத்திருக்கும். சுருட்டைமுடிக்காரர் இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லையாம். மறுநாள் அம்மா, யாரும் கேட்காமலே, தேர்வுக் குழுவில் தான் உட்காரப்போவதில்லை என்று முதல்வரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். மனுப் போட்டவர்களில் நமக்குச் சொந்தக்காரர் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆட்கள் சொல்வதை விடு, எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார் என்பதுதான் அவள் முதல் வகுப்பில் நடத்தும் பாடம், உனக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வா என்றோ வராதே என்றோ நான் எழுதவில்லை, பார்த்ததை எழுதினேன். எங்கே இருந்தாலும் நீ நினைத்தது நடக்கட்டும், உடம்பு நன்றாக இருக்கட்டும். மனுவுக்குக் கடைசி நாள் இந்த மாதக் கடைசி. வெந்நீர் குடி. நேற்று அம்மா தச்சரைக் கூப்பிட்டு அந்த அறை மேசையைத் திருப்பிப் போடச் சொன்னாள், ஜன்னல் காற்று நேராக முகத்தில் அடிக்கிறதாம், வருகிற ஆளுக்கு இருமல் இருந்தால் என்ன செய்வது என்று என்னிடம் கேட்டாள்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா