மாடியில மட்டும் பெஞ்ச மழை

என் கண்ணு மகளுக்கு அப்பா எழுதுறது. நானும் உங்கம்மாவும் இங்க கைகாலோட நடமாடிக்கிட்டு நல்லா இருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் அங்க ஒரு குறையும் இல்லாம இருக்கணும், வாண்டுக்கு நெஞ்சுச் சளி விட்டுச்சான்னு மறக்காம எழுது. ஞாயித்துக்கிழமை தவறாம போன் பண்றவளுக்கு இந்த மனுஷன் எதுக்குக் கடுதாசி போடுறான்னு நினைப்பே. போன்ல சொல்ல முடியாத விஷயம் ஒண்ணு இருக்கு கண்ணு. நாலு ஞாயிறா நாக்கு நுனி வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போச்சு. போன்னா நீ என்னப்பான்னு கேட்டதுமே வாய் தானா ஒண்ணுமில்லம்மான்னு சொல்லிருது. காகிதம் குறுக்க கேக்காது பாரு. எழுத்து கோணல்மாணலாத்தான் இருக்கும், நீ மூணாங்கிளாஸ் படிக்கும்போது ஸ்லேட்டுல எனக்குச் சொல்லிக் குடுத்த எழுத்து, தப்பு இருந்தா டீச்சரம்மாவைத்தான் கேக்கணும்.

உங்கம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கு, ஆனா வாய்க்கு ஒரு வலியும் இல்ல. தினம் காலைல ஒன்பதரைக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்குற தையக்கடைக்குப் போயிருவா, பட்டன் கட்டிக் குடுத்துட்டு, தையல்காரம்மாகூட ஊர்க்கதையும் பேசிட்டு, பன்னெண்டு மணிக்குத்தான் வருவா. இதை எதுக்குச் சொல்றேன்னா, அந்த ரெண்டரை மணி நேரத்துலதான் நான் கெட்டுப்போனேன். கெட்டுப்போறதுக்கு நேரம் காலம் வேணுமில்ல.

நீ போன வருஷம் வந்தப்ப மாடியில கைப்பிடிச் சுவர் ஓரமா ஒரு கம்பம் நட்டியே, மேல காத்துக்குச் சுத்துற மூணு கிண்ணி, கீழ வெயில் எவ்வளவுன்னு பாக்குற வெள்ளை அடுக்கு, பக்கத்துல மழைத் தண்ணி பிடிக்கிற புனல். கம்பியே இல்லாம அது கீழ கூடத்துல இருக்குற பெட்டிக்குச் சேதி சொல்லும், பெட்டி வீட்டை நடத்தும்னு சொன்னே. அப்படித்தான் நடத்துச்சு, பொய் சொல்லக் கூடாது. வெயில் ஏறினா திரை தானா இறங்குது. மழை விழுந்தா ஜன்னல் எல்லாம் சாத்திக்குது, தோட்டத்துக்குத் தண்ணி விடுற மோட்டார் ரெண்டு நாளைக்கு நமக்கு வேலையில்லன்னு படுத்துக்குது, உன் போனுக்கும் உடனே சேதி வந்துருது. உங்கம்மா அன்னிக்கே அதுக்கு நாத்தனார்னு பேர் வெச்சுட்டா. ஏன் அப்படின்னு கேட்டதுக்கு, மூலையில உக்காந்துக்கிட்டு ஒரு துரும்பைக் கூட எடுத்துப் போடாம எல்லாரையும் வேலை ஏவுது, வீட்டுல நடக்குறதை வெளியூருக்குப் போட்டுக் குடுக்குது, வேற என்ன பேர் வைக்கிறதுன்னா. எங்கக்காவை மனசுல வெச்சுத்தான் சொன்னா, எனக்குத் தெரியாதா, காதுல விழாத மாதிரி இருந்துட்டேன்.

ஒரு நாள் காலைல பத்து மணி இருக்கும், வெளிநாட்டுல உனக்கு அது வேலை முடியுற சாயங்கால நேரம். புறா ஒண்ணு அந்தப் புனல்ல அசிங்கம் பண்ணி வெச்சிருந்துச்சு, ஒரு செம்பு தண்ணி கொண்டு போய் ஊத்திக் கழுவினேன். கீழ ஜன்னல் எல்லாம் டப்பு டப்புன்னு சாத்துற சத்தம். நான் படி இறங்குறதுக்குள்ள போன் அடிக்குது. பாத்தா நீ. அப்பா அங்க மழையாமே, நனையாம இருங்கன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டே. நான் புறா கதையைச் சொல்ல வாயைத் தொறந்தேன், அதுக்குள்ள நீ வாண்டு முதல் பல்லு விழுந்து அதைத் தொலைச்சுட்டு ஊரைக் கூட்டின கதையை ஆரம்பிச்சுட்டே. முக்கால் மணி நேரம் பேசினோம் கண்ணு. அன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. ஞாயித்துக்கிழமைன்னா நீ அடுப்புல ஒரு கண்ணும் பிள்ளை மேல ஒரு கண்ணுமா பத்து நிமிஷம் பேசுவே, அதுவும் பாதி உங்கம்மாவுக்கு. இந்தச் செவ்வாய்க்கிழமை பூரா எனக்கு. கடைசியில, அப்போ நல்ல மழைதான் இல்லப்பான்னு கேட்டே. ஆமான்னு சொன்னேன். அந்த ஒரு ஆமாதான் எல்லாத்துக்கும் விதை.

நான் செங்கல் சூளையில முப்பத்திரண்டு வருஷம் கல் அறுத்தவன்னு உனக்குத் தெரியும். பச்சைக்கல் காயும்போது ஒரு தூத்தல் விழுந்தாப் போதும், ஒரு வாரத்து உழைப்பு சேறா ஓடிரும். வானம் பளிச்சுன்னு இருந்தாலும் மேஸ்திரி என்னைத்தான் கூப்பிடுவான், ஏ மூக்கு, மூடவா விரிக்கவான்னு. நான் மோந்து பாத்து மூடுன்னா எழுபது பேரும் ஓடி வந்து தார்ப்பாய் போடுவாங்க. ஒரு தடவை கூட அந்த விஷயத்துல என் வாயில பொய் வந்ததில்ல. ஒருத்தன் பந்தயம் கட்டி, ஒரு நாளைக்கு மட்டும் சும்மா மழைன்னு சொல்லுடா, எல்லாரும் ஓடுறதைப் பாக்கலாம்னு கேட்டான், மீசையைப் பிடிச்சு இழுத்து விட்டேன் அவனை. அப்பேர்ப்பட்டவன் இந்த வயசுல மாடியில நின்னு செம்பால மழை பெய்ய வெச்சேன்.

அடுத்த வாரம் வேணும்னே ஊத்தினேன். நீ கூப்பிட்டே. அப்புறம் தொழில் கத்துக்கிட்டேன்னு வெச்சுக்கோ. ஒரேடியா ஊத்தினா, என்னப்பா ரெண்டு நிமிஷத்துல இவ்வளவு மழையான்னு நீ சந்தேகப்பட்டே, அதனால டம்ளர்ல கொஞ்சம் கொஞ்சமா விட்டேன். புனலுக்குக் கீழ, பிள்ளைங்க ஏறி இறங்கி ஆடுற சீசாப் பலகை மாதிரி ஒரு குட்டிக் கரண்டி இருக்கே, ஒரு பக்கம் நிறைஞ்சா சாஞ்சு கொட்டி அடுத்த பக்கம் ஏந்துமே, அது டிக்குன்னு சாயுற சத்தம் எனக்கு நீ கதவைத் தட்டுற மாதிரி இருக்கும். அப்புறம் முட்டி போட்டு உக்கார முடியலன்னு ஒரு பிளாஸ்டிக் பாட்டில் அடியில ஊசியால ஓட்டை போட்டு கம்பத்துல கட்டித் தொங்கவிட்டேன். சொட்டு சொட்டா விழும், நான் கீழ வந்து போன் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்துக்குவேன். கல்யாண வீட்டுல பந்திக்குக் காத்திருக்குறவன் மாதிரி.

உங்கம்மா பன்னெண்டு மணிக்கு வேர்த்து விறுவிறுத்து வந்தா வீட்டுல ஜன்னல் பூரா சாத்திக் கிடக்கும். வாண்டு வந்து பறிக்கணும்னு அவ வெச்ச தக்காளிச் செடி தண்ணி இல்லாம தலையைத் தொங்கப் போட்டுருச்சு, மோட்டார்தான் மழை பெஞ்சுருச்சுன்னு தூங்குதே. நாத்தனாருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சான்னு பெட்டியைப் பாத்துத் திட்டினா. நீ தையக்கடையில இருந்தப்ப லேசா தூத்துச்சுன்னு நான் சொன்னேன். ரெண்டு தெரு தள்ளி ஒரு சொட்டு இல்ல, அளவு எடுத்துத் தெச்ச மாதிரி நம்ம மாடியில மட்டும் பெய்யுமா மேகம்னு கேட்டுட்டு, குடத்துல தண்ணி தூக்கி ஊத்தினா. அந்த முட்டியோட. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். செடி பொழைக்கல.

இப்போ அந்த வாரத்துக்கு வர்றேன். நீங்க மூணு பேரும் லீவுக்கு இங்க கிளம்பி வர ஒன்பது நாள்தான் இருந்துச்சு. வரப்போறாளே, அப்புறம் எதுக்குப்பா பாட்டில்னு கேப்பே. அதுதான் எனக்கும் தெரியல. பசிக்குச் சாப்பிட்டவன் ருசி கண்டா நிறுத்த மாட்டான். பாட்டிலைக் கட்டிட்டு வந்து உக்காந்தேன், நீ கூப்பிடல, அன்னிக்கு உனக்கு ஏதோ மீட்டிங். சரி பத்தலன்னு இன்னொரு பாட்டில். மறுநாளும் ரெண்டு. மூணாம் நாள் நீயே கூப்பிட்டே, குரல் மாறியிருந்துச்சு. அப்பா மூணு நாளா இவ்வளவு மழையா, ஸ்டேஷன்ல இருந்து வர்ற பாலத்தடியில தண்ணி நிக்குமே, டாக்டர் பிள்ளையை ஈரத்துல கொண்டு போகாதேன்னு சொல்லியிருக்காரே, செய்தியில ஒண்ணும் காணோம், ஆனா செய்தி ஊருக்குப் பொதுவாச் சொல்றது, நம்ம வீட்டு மாடி பொய் சொல்லாதே, நீங்களே சொல்லுங்கப்பா, மழை ஜாஸ்தியான்னு கேட்டே. பின்னாடி மாப்பிள்ளை இருமுற சத்தம் கேட்டுச்சு, அவரும் கேட்டுக்கிட்டு இருக்காருன்னு தெரிஞ்சுது. உண்மையைச் சொன்னா மாமனார் மாடியில பாட்டில் கட்டின கதை அவர் காதுல விழும். அந்த வெக்கத்துல, கொஞ்சம் ஜாஸ்திதான்னு சொன்னேன். அப்போ அடுத்த வருஷம் பாக்கலாம்ப்பா, லீவு இனிமே இந்த வருஷம் கிடைக்காதுன்னு மெதுவா சொல்லிட்டு வெச்சுட்டே.

ஒரு வார்த்தை கண்ணு. மழையே இல்லம்மா, புழுதி பறக்குது, வாங்கன்னு ஒரு வார்த்தை. எழுபது பேருக்குச் சரியாச் சொன்ன வாய் சொந்தப் பிள்ளைக்குச் சொல்லல.

அதோட நிக்கல. உங்கம்மா வந்து ஏன் வரலையாம்னு கேட்டா. மழைன்னு சொல்றா அப்படின்னேன். பாத்தியா, நான் ஊத்துன மழையைத் தூக்கி உன் தலையில வெச்சேன். எந்த மழைன்னு கேட்டு வெளிய வந்து வானத்தைப் பாத்தா, மொட்டை வெயில். பெட்டியை வாங்கி மாட்டினவளுக்கு அது சரியாச் சொல்லுதா இல்லையான்னு தெரியாதா, அவளுக்கு வர மனசில்ல, மழையைச் சாக்கு சொல்றான்னு உக்காந்துட்டா. அப்பவும் நான் வாயைத் தொறக்கல. ஞாயித்துக்கிழமை நீ அம்மாவைக் குடுங்கன்னு கேட்டப்ப கை ஈரமா இருக்குன்னு சொல்லுங்கன்னா. மூணு ஞாயிறும் அவ கை ஈரமாவே இருந்துச்சு. உனக்கும் புரிஞ்சிருக்கும், நாலாவது வாரம் நீ அம்மாவைக் கேக்கவே இல்ல. தையக்கடையில, ரொட்டிக்கடையில, மருந்துக்கடையில, எங்க போனாலும் என் பொண்ணு பொய் சொல்லக் கத்துக்கிட்டான்னு சொல்லிட்டு வந்தா.

போன வியாழக்கிழமை ஒரு பையோட கிளம்பினா. வாண்டு போன்ல ரெண்டு பக்கமும் பாக்கெட் வெச்ச கவுன்தான் வேணும்னு கேட்டாளே, அதை இவளே தெச்சு, மஞ்சள்ல பூ போட்டு, பாக்கெட்டுக்குள்ள ரெண்டு கல்கண்டு கூட போட்டு வெச்சிருந்தா. எங்க கொண்டு போறேன்னேன். அடுத்த வருஷம் பிள்ளை வளந்துரும், அவளுக்குப் பத்தாது, தையல்காரம்மா பேத்திக்குக் குடுக்கப் போறேன்னா. வாசல் கேட்டுல கையை வெச்சுட்டா. அந்தப் பையைப் பிடிச்சுக்கிட்டு அங்கேயே நின்னு எல்லாத்தையும் சொன்னேன், புறாவுல ஆரம்பிச்சு. பாதியில நான் புறா எங்க கூடு கட்டியிருக்குன்னு வேற சொல்ல ஆரம்பிச்சுட்டேன், அவ ஒரு பார்வை பாத்தா, திரும்ப விஷயத்துக்கு வந்துட்டேன்.

திட்டுவான்னு நினைச்சேன். திட்டியிருந்தா தேவலை. உள்ள போய்த் தட்டுல சோத்தைப் போட்டு என் முன்னாடி வெச்சா. அப்புறம், அத்தனை போனையும் நீங்க ஒருத்தரே பேசுனீங்க இல்லன்னு கேட்டா. நான் அதை நினைச்சே பாக்கல கண்ணு. உன்னை ஏமாத்தினதா மட்டும்தான் நினைச்சேன், அவ பங்கையும் சேத்துத் திருடினேன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. அப்புறம் சொன்னா, என் பிள்ளையைப் பொய்க்காரின்னு எத்தனை கடையில சொன்னேன், அத்தனை கடைக்கும் நீங்களே போய் அது நீங்கதான்னு சொல்லிட்டு வாங்கன்னு. போனேன். தையல்காரம்மா மெஷினை நிறுத்திட்டு, இந்த மூஞ்சியா பாட்டில்ல ஓட்டை போட்டுச்சுன்னு கேட்டுட்டு மறுபடியும் மிதிக்க ஆரம்பிச்சுட்டா. மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சார், அவ்வளவுதான். ரொட்டிக்கடைக்காரர்தான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சார், மழை மோந்த மூக்கண்ணன் மழை செஞ்சாராம்னு. சிரிச்சு ஓஞ்சதும் கொஞ்ச நேரம் ரொட்டியை அடுக்கிக்கிட்டே இருந்துட்டு, அந்தக் கம்பம் எங்கண்ணே கிடைக்கும்னு கேட்டார். அவர் பையன் வெளிநாடு போய் ஆறு வருஷம் ஆச்சு.

பாட்டிலை அவுத்து எறிஞ்சுட்டேன். கம்பத்தைக் கழட்டல, அது மேல தப்பில்ல, அது விழுந்ததை விழுந்தபடி சொன்னது. மாப்பிள்ளைகிட்ட இந்தக் கடுதாசியை நீயே படிச்சுக் காட்டு, அவர் சிரிச்சா சிரிக்கட்டும், மாமனாருக்கு அந்த அளவு தண்டனை வேணும். நீ என்மேல கோவமா இருந்தா இரு, ஆனா அம்மாமேல வேணாம், அவ உன்னைத் தப்பா நினைச்சதும் என்னாலதான். வாண்டைக் காலைல வெதுவெதுப்பான தண்ணி குடிக்கச் சொல்லு, நெஞ்சுல காத்து படாம பாத்துக்கோ. கவுன் பீரோவுல இருக்கு, ஓரத்துத் துணியை உள்ள நிறைய மடிச்சுத் தெச்சிருக்கா, பிரிச்சு விட்டா ஒரு வருஷத்துக்கு எட்டும்னு அவளே சொல்றா.

முக்கியமா ஒண்ணு. அந்தப் பெட்டி பழைய மழையை எல்லாம் தேதி போட்டு வெச்சிருக்கும்னு சொன்னியே, அதுல நேத்து புதன்கிழமை பத்து மணிக்கு என்ன இருக்குன்னு பாரு. ஒரு டம்ளர் அளவு மழை காட்டும். அது வானம் இல்ல, சத்தியமா நானும் இல்ல, நான் அப்போ சந்துல சைக்கிளுக்குக் காத்து அடிச்சுக்கிட்டு இருந்தேன். ஜன்னல் சாத்துற சத்தம் கேட்டு உள்ள வந்தா, தையக்கடைக்குப் போகாம உங்கம்மா மாடிப்படியில இருந்து முட்டியைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா இறங்கி வர்றா, கையில வெறும் டம்ளர். என்னைப் பாக்காத மாதிரி போய் போன் பக்கத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்தா. மடிச்ச துணியையே திரும்பத் திரும்ப மடிச்சுக்கிட்டு பன்னெண்டு மணி வரைக்கும் இருந்தா. இனிமே நம்ம மழையை நீ நம்ப மாட்டியோ என்னமோ, போன் அடிக்கல. டம்ளரை எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போனா.

இந்தக் கடுதாசி கிடைச்ச அன்னிக்கே, என்ன கிழமையா இருந்தாலும், கூப்பிடு. அங்க மழையாம்மான்னு அவகிட்ட கேளு. நான் போனை எடுக்க மாட்டேன், எனக்குக் கை ஈரமா இருக்கும்.

நீயும் உன் குடும்பமும் நெடுங்காலம் நல்லா இருக்கணும்னு ரெண்டு பேரும் மனசார வாழ்த்துறோம்.

இப்படிக்கு,
தலை குனிஞ்சு எழுதுற உன் அப்பா